ரயில் நின்ற பிறகும் இறங்காத இரண்டு பேர்

கபிரி ம்போஷி,
மழைக்கு முந்தைய ஞாயிறு.

என் அன்பு மகள் லோம்பேவுக்கு உன் தாய்மாமன் கபாசோ எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் எல்லோரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீ அங்கே எங்களைவிட ஒரு பிடி கூடுதலாகவே சுகமாயிருக்க வேண்டும். கடல்காற்று பட்டு உனக்கு மூக்கு ஒழுகுவதாக உன் அம்மா கனவு கண்டாள், உண்மையானால் இஞ்சி தட்டிப் போட்டுக் குடி, வெறும் கனவானாலும் குடி. அவளுடைய முழங்கால் வலி பாதி போய்விட்டது, நான் கொடுத்த எண்ணெயால் என்று நான் சொல்கிறேன், ஆஸ்பத்திரி மாத்திரையால் என்று அவள் சொல்கிறாள், முழங்கால் எங்கள் இருவருக்கும் நடுவில் மடங்கி நீள்கிறது. என் சைக்கிள் கடை முன்னெப்போதும் இல்லாதபடி நடக்கிறது. ஜில்லா அதிகாரியே தன் சைக்கிளை என்னிடம்தான் கொண்டுவருவார், அவரிடம் சைக்கிள் இல்லை, வாங்கினால் கொண்டுவருவார்.

போன வாரம் தபாலாபீஸ் தொலைபேசியில் நீ இரண்டே கேள்வி கேட்டாய். உன்னைக் கட்டிக்கொள்ள நிற்கும் கொண்ட்வானியின் பெரியப்பா சம்மதம் சொல்லி அனுப்பினாரா, நீங்கள் எங்கேயாவது வாயைத் திறந்தீர்களா. நான் பதில் சொல்ல ஆரம்பித்து இன்னும் டார் எஸ் சலாம் நிலையத்தைக்கூடத் தாண்டவில்லை, அதற்குள் இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள். அதனால்தான் கடிதம். கடிதத்தை யாரும் பாதியில் துண்டிக்க முடியாது, நீயும் பதிலைத் தேடிக் கடைசிப் பக்கத்தைப் புரட்டாதே, புரட்டினாலும் நடுவில் நடந்தது தெரியாமல் உனக்கு ஒன்றும் விளங்காது. நான் ஆறாம் வகுப்பு வரை படித்தவன், அந்தக் காலத்து ஆறாம் வகுப்பு இன்றைக்குக் கல்லூரி, எதை எங்கே வைத்துச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

முதலில் ஒரு சின்னத் திருத்தம். நான் செவ்வாய்க்கிழமை ரயிலில் கிளம்பியதாக நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். செவ்வாய்க்கிழமை உன் வீட்டிலிருந்து கிளம்பியது உண்மை. ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் மீன் சந்தையில் நம்மூர்க்காரன் ஒருவனைப் பார்த்தேன், ஒரு மீனின் வயதைப் பற்றி எங்களுக்குள் சின்ன விவாதம், விவாதத்தில் நான் ஜெயித்தபோது ரயில் போய்விட்டிருந்தது. திரும்பி வந்து உன்னைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்ற பெரிய மனதோடு அவன் வீட்டிலேயே தங்கி வெள்ளிக்கிழமை ரயிலைப் பிடித்தேன். என்னைச் செவ்வாய்க்கிழமையே ஏன் அத்தனை அவசரமாக அனுப்பினாய், அதுவும் ஜன்னலோரப் படுக்கையோடு டிக்கெட் வாங்கிக் கொடுத்து, என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. மறுநாள் கொண்ட்வானியின் பெரியப்பா பெண் பார்க்க வரப்போகிறார், அவர் கண்ணில் நான் படக்கூடாது. எனக்குக் கோபமில்லை மகளே. நல்ல ஏற்பாடுதான். மீன்தான் கெடுத்தது.

எங்கள் பெட்டியில் நான்கு படுக்கை. ஒன்றில் நான், ஒன்றில் ம்பேயாவில் இறங்க வேண்டிய அரிசி வியாபாரி, ஒன்றில் யாரோ கட்டிவைத்த மூட்டைகள், எதிரே கோட்டுப் போட்ட ஒரு நரைத்தலை. கை குவித்துத் தட்டி வணக்கம் சொன்னான், பெயர் ஜெரே என்றான், ஊர் சிபாட்டா பக்கம் என்றான். எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துவிட்டது. சிபாட்டா ஜெரே என்றால் ங்கோனிக் கூட்டம், வீடு போய்ச் சேரும்வரை துணைக்கு ஒரு ங்கோனி! நம் பெம்பாப் பாட்டன்மாரும் அவர்கள் பாட்டன்மாரும் ஈட்டியால் குத்திக்கொண்டது போதும் என்று நிறுத்தினார்களே, அன்றிலிருந்து வாயால் குத்திக்கொள்வது நம் இரண்டு கூட்டத்துக்கும் கடமை, மச்சான் முறை. கடமையில் நான் என்றைக்கும் தவறியதில்லை. "சிபாட்டாவா? அப்ப அந்தப் பையை மேல வைக்காத மச்சான், உள்ள இருக்கற எலி நழுவி என் தலையில விழும், நீ சாப்பாடு போச்சேன்னு அழுவே" என்றேன். அவன் கோட்டை மடித்து வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தான். "பெம்பாவா நீ? அதான் பாத்தேன், மேல் படுக்கைக்கு ஏணியே இல்லாம ஏறுறியே, மரத்துல ஏறின பழக்கம். குரங்கு திங்கறவன்னு கேள்விப்பட்டிருக்கேன், சொந்தக்காரனத் திங்கறவனை இப்பத்தான் நேர்ல பாக்கறேன்" என்றான். நான் ஏறி உட்கார்ந்துகொண்டேன். இந்தப் பயணம் வீண்போகாது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

வண்டி காட்டுக்குள் போனபோது ஒட்டகச்சிவிங்கி ஒன்று ஜன்னலுக்குள் தலையை விட்டு என் தொப்பியைத் தின்றுவிட்டது, தொப்பி இப்போது என் தலையில் இருக்கிறதே என்று உன் அம்மா கேட்கிறாள், துப்பிவிட்டது. அடுத்து ஒரு சிறிய நிலையத்தில் வண்டி நின்றது, தண்டவாள ஓரத்தில் ஒரு கூட்டம் குரங்குகள். ஜெரே என்னைத் தட்டி எழுப்பி, "மச்சான், மச்சான், ஒங்க வீட்டு ஆளுங்க வழியனுப்ப வந்திருக்காங்க, கையாவது ஆட்டு, பாவம் எவ்ளோ தூரத்துல இருந்து வந்திருக்காங்களோ" என்றான். நான் கையாட்டினேன். மரியாதை என்று ஒன்று இருக்கிறது. பிறகு அவன் பாட்டன்மாரைப் பிடித்தேன். "நீங்க தெக்க இருந்து அவ்ளோ தூரம் வந்தது வீரத்தாலயா? பின்னாடி ஆள் தொரத்துனான், அதனால வந்தீங்க" என்றேன். "இன்னும் மேலயே போயிருப்போம், வழியில ஒரு பெம்பாகிட்ட வழி கேட்டோம், அவன் பொய் சொன்னான், அங்கயே நின்னுட்டோம்" என்றான். அரிசி வியாபாரி விழுந்து விழுந்து சிரித்தார், அவர்கள் பக்கமும் இந்த முறை உண்டாம். பக்கத்துப் பெட்டிகளில் இருந்து ஆட்கள் வந்து கதவருகே நின்று கேட்டார்கள், சாப்பாட்டுப் பெட்டி சமையல்காரர் கோழிக்குழம்பை அடுப்பில் விட்டுவிட்டு வந்து நின்றார், குழம்பு தீய்ந்தது, ஒருவரும் குறை சொல்லவில்லை. என்ஜின் டிரைவர்கூட வந்திருப்பார், வண்டியை யார் ஓட்டுவது.

ஒரே தட்டில் களி வாங்கித் தின்றோம், அவன் உருண்டையை நான் எடுத்துக் குழம்பில் முக்கினேன், என் மீனின் தலையை அவன் பிடுங்கிக்கொண்டான். ம்பேயாவில் அரிசி வியாபாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனார். அதன் பிறகு நாங்கள் இருவர்தான். அப்போதுதான் நான் அவனிடம் என் சாவைப் பற்றிப் பேசினேன். பயப்படாதே, எனக்கு ஒன்றுமில்லை, நான் இன்னும் நூறு வருஷம் இருப்பேன், ஆனால் சாவு வீட்டில் கேலி செய்து அழுகிறவர்களைச் சிரிக்கவைப்பது எதிர்க்கூட்டத்து மச்சானின் வேலை, அதற்கு நல்ல ஆள் கிடைக்கும்போது சொல்லி வைத்துவிட வேண்டும். "நான் செத்தா நீ வரணும் மச்சான்" என்றேன். "வராம? குழியில மொதல்ல நான் எறங்கிப் படுத்துக்குவேன், ஆடு குடுத்தாத்தான் எந்திரிப்பேன்" என்றான். "ஆடெல்லாம் கெடையாது, ஒரு கோழி." "கோழிக்கு ஒக்காருவேன், எந்திரிக்க மாட்டேன்" என்றான். அப்புறம் கொஞ்சம் யோசித்து, "மொதல்ல பொட்டியத் தொறந்து காட்டச் சொல்லுவேன். இந்தாளு பொறந்ததுல இருந்து ஒரு நெசம் சொன்னதில்ல, செத்ததை மட்டும் நாங்க எப்படி நம்பறதுன்னு கேப்பேன்" என்றான். மகளே, நான் எத்தனையோ சாவு வீடுகளுக்குப் போயிருக்கிறேன். எத்தனையோ மச்சான்மார் பானையைத் திருடிக்கொண்டு ஓடுவதையும் பிணத்தைத் திட்டுவதையும் பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு பேச்சைக் கேட்டதில்லை. என் சாவுக்கு இவன்தான் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். அந்த வேலை முடிந்தது என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

எல்லையில் நம் நாட்டு அதிகாரி ஏறி என் பாஸ்போர்ட்டைப் பார்த்து எழுந்து நின்றார், முதலிலேயே நின்றுகொண்டுதான் இருந்தார், இன்னும் நிமிர்ந்தார். கசாமாவில் நான் இறங்கி வறுத்த புழு ஒரு பொட்டலம் வாங்கினேன், ஊர்ப் புழு ஊர்ப் புழுதான். அதைக் கொறித்துக்கொண்டு இருவரும் அவரவர் பிள்ளைகளைப் பற்றிப் பெருமை பேச ஆரம்பித்தோம். துறைமுகத்தில் என் மகள் கையெழுத்துப் போடாமல் ஒரு கப்பலும் நகராது, ஒருநாள் அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது கடல் முழுக்கக் கப்பல் நின்றது என்றேன். நீ குமாஸ்தா என்பது எனக்குத் தெரியும், கப்பலுக்குத் தெரியாதே. அவன் தன் தம்பி மகனைப் பற்றிச் சொன்னான், அங்கே லாரி பட்டறை வைத்திருக்கிறானாம், தங்கமான பையனாம், ஆனால் ஒரு பெம்பாப் பெண்ணைக் கட்டுவேன் என்று நிற்கிறானாம். பையனுடைய அப்பா உயிரோடு இல்லை, பெரியப்பன் வாயிலிருந்து வரும் சொல்தான் சொல், அதற்காகத்தான் பெண்ணைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றான். "பொண்ணு எப்படி?" என்றேன். "பொண்ணைக் கொறை சொல்ல முடியாது. டீ குடுத்தா, நிமிர்ந்து பாக்கல, கேட்டதுக்கு நெசமாப் பதில் சொன்னா. மாமன்தான் கஷ்டம். அந்தப் பொண்ணுக்கு ஒரு மாமன் இருக்கானாம், வாயத் தொறந்தா வானத்தை வளைப்பானாம், எங்க பையனே சொல்லிட்டான், பெரியப்பா, அந்தாளு சொல்றதுல பாதியப் பாதியாக்கி அதுல பாதிய நம்புங்கன்னு. அப்படிப்பட்ட ஆளோட எப்படி சம்பந்தம் வைக்கறது? ஊருக்குப் போய் வேண்டாம்னு சொல்லிடலாம்னு இருக்கேன்" என்றான்.

இதைக் கொண்ட்வானிக்கு யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. நீங்கள் இருவர் மட்டுமே பேசிக்கொண்ட பேச்சு. அதை விடு. நான் என்ன செய்தேன் கேள். மச்சான் கடமையை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று, "சரியாச் சொன்னே மச்சான், அந்த வீட்ல பொண்ணு எடுக்காத. பொய் சொல்ற மாமன் வந்து ஒக்காந்தா ஒங்க தொழுவத்து மாட்டையெல்லாம் பேசியே ஓட்டிட்டுப் போயிருவான். வேண்டாம்னு இன்னைக்கே சொல்லு" என்று அடித்துச் சொன்னேன். அவனும் தலையாட்டினான். வாயில் புழுவை மென்றுகொண்டே, "நல்ல பொண்ணு, பேரு லோம்பே" என்றான்.

ஒட்டகச்சிவிங்கி தொப்பியைத் துப்பியது போல நான் புழுவைத் துப்பினேன். "எந்த லோம்பே? துறைமுகத்துப் பக்கத்துல, பச்சைக் கதவு வீட்டுல?" என்றேன். அவன் மெல்லுவதை நிறுத்தினான். என் முகத்தைப் பார்த்தான், பிறகு நகராத கப்பல்களை நினைத்தான் என்று நினைக்கிறேன். மெதுவாக எழுந்து கோட்டைப் போட்டுக்கொண்டான். நானும் சட்டைப் பொத்தானை மேலே வரை மாட்டினேன். வேறு என்ன செய்வது, சம்பந்தியின் முன்னால் இருக்கிறோம்.

அங்கிருந்து ம்பிகா வரை நடந்ததை எழுதக் கை வரவில்லை. அவர் கீழ்ப்படுக்கையை எனக்குக் கொடுத்தார், நான் வேண்டாம் என்றேன், இருவரும் நின்றுகொண்டே வந்தோம். சாப்பாடு வந்தது. சம்பந்தம் பேசி முடித்து விருந்து வைக்கும்வரை ஒருவர் முன் ஒருவர் சாப்பிடக் கூடாது என்பது உனக்குத் தெரியும், அவர் சுவரைப் பார்த்துத் தின்றார், நான் ஜன்னலைப் பார்த்துத் தின்றேன், அதே தட்டில் நேற்றுத் தின்ற கைகள். "வெயில் அதிகங்க" என்றார். "ஆமாங்க, மழை வரணுங்க" என்றேன். "வரும்ங்க" என்றார். அவ்வளவுதான் பேச்சு. வண்டி ஓடும் சத்தம் எவ்வளவு பெரிது என்று அன்றுதான் கேட்டேன். கதவருகே கூட்டம் வந்து எட்டிப் பார்த்து, யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று விசாரித்துவிட்டுப் போனது.

ம்பிகாவைத் தாண்டியதும் அவர்தான் உட்கார்ந்தார். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "இங்க பாருங்க. சம்பந்தம் பேசறதுக்குன்னு தூதுப் பெரியவர் இருக்கார், பொண்ணு கேட்டு அனுப்பற தட்டு இருக்கு. தட்டு வர்றவரைக்கும் யாருக்கும் யாரும் ஒண்ணும் ஆகல. நீங்க யாருன்னு எனக்கு இன்னும் யாரும் முறையாச் சொல்லல." நான் யோசித்தேன். ஆறாம் வகுப்புப் படிப்பு அப்போதுதான் உதவியது. "எனக்கும் சொல்லலீங்க. ஆனா கண்ணால பாத்தாச்சே, எவ்ளோ நேரத்துக்குத் தெரியாத மாதிரி இருக்கறது?" என்றேன். "இந்த வண்டி நிக்கறவரைக்கும். கால் தரையில பட்டாத் தெரிஞ்சுரும்" என்றார். நானும் உட்கார்ந்தேன். பிறகு நான் பொட்டலத்தை நீட்டி, "புழு தின்னு மச்சான், வால் இல்லியேன்னு வருத்தப்படாத" என்றேன். அவன் கோட்டைக் கழற்றினான்.

மகளே, அதற்குப் பிறகு நடந்த பேச்சை நான் எழுதப்போவதில்லை. நீ கல்யாணம் ஆகப்போகிறவள். அது வரைக்கும் நாங்கள் பேசியதெல்லாம் தொண்டையைச் சரிசெய்துகொண்டது மாதிரி. இருபது வருஷத்துக்கு வைத்துத் திட்ட வேண்டியதை ஒரு பகலுக்குள் திட்டித் தீர்க்க வேண்டியிருந்தது. செரெஞ்சேயில் ஒரு பாதிரியார் ஏறினார், அடுத்த நிலையத்தில் வேறு பெட்டிக்கு மாறிவிட்டார். சம்மதமா இல்லையா என்று நான் அவனைக் கேட்கவில்லை. எப்படிக் கேட்பது, அவனுக்கு என்னை யாரென்று தெரியாது. ஆனால் அவன் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அவன் என் மச்சானாகவே இருப்பான், என் சாவுக்கு வருவான், பெட்டியைத் திறக்கச் சொல்வான். சரி என்று சொன்னால் சம்பந்தி. ஓரமாக உட்கார்ந்து தலையைக் குனிந்து துண்டால் கண்ணைத் துடைப்பான், அதற்கு எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நான் எதை விரும்பினேன் என்று நீ கேட்டால், உன் பக்கம்தான் என்று சொல்வேன், அதில் பாதியைப் பாதியாக்க வேண்டாம், அப்படியே நம்பு. உன் பக்கம்தான். ஆனால் வண்டி இன்னும் கொஞ்சம் மெதுவாகப் போனால் நன்றாயிருக்கும் என்றும் நினைத்தேன். எல்லோரும் தலையை வெளியே நீட்டி ஏன் இன்னும் வரவில்லை என்று திட்டிக்கொண்டிருந்தார்கள், அந்த ரயிலிலேயே சீக்கிரம் வந்துவிட்டோம் என்று வருத்தப்பட்ட இரண்டு பேர் நாங்கள்தான்.

கபிரி ம்போஷியில் வண்டி நின்றது. மூட்டைகள் இறங்கின, கோழிகள் இறங்கின, சமையல்காரர் இறங்கினார். நாங்கள் இறங்கவில்லை. அவன் என் காதைப் பற்றி ஆரம்பித்த ஒரு விஷயம் முடியாமல் இருந்தது, அதை முடித்தான். நான் அவன் கோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி, அதைச் சொன்னேன். பெருக்குகிற அம்மாள் துடைப்பத்தோடு வந்து, "என்னங்கய்யா, இதான் கடைசி. இதுக்கு மேல இந்த வண்டிக்குத் தண்டவாளம் இல்ல" என்றாள். "காலைத் தூக்கறோம், பெருக்கிக்கம்மா" என்றான் ஜெரே. தூக்கினோம். பெருக்கினாள். போய்விட்டாள். பெட்டி ரொம்பச் சுத்தமாக இருந்தது. "எறங்கலாமா மச்சான்" என்றான். "நீ மொதல்ல எறங்கு, எலி மொதல்ல ஓடும்" என்றேன். அதுதான் நான் அவனிடம் பேசிய கடைசிப் பேச்சு.

நடைமேடையில் உன் அம்மா நின்றாள். கோட்டு மடிப்புக் கலையாத பெரியவர் ஒருவர் அவளைத் தூரத்தில் பார்த்ததுமே கண்ணைத் தாழ்த்திக் குந்தி உட்கார்ந்து கை குவித்துத் தட்டினார், என்னைப் பார்த்தும் அதேபோலத் தட்டினார், நானும் குந்தித் தட்டினேன், எழுந்து பேருந்துப் பக்கம் போய்விட்டார். "யாரு இவ்ளோ மரியாதையான மனுசன்?" என்றாள். "தெரியாது" என்றேன். உன் அம்மா என்னை நம்பவில்லை, வழக்கம்போல. ஆனால் அது உண்மை. என்னோடு ரயிலில் வந்தவன் இவரில்லை. அன்றைக்கும் மறுநாளும் கட்டிலில் படுத்தால் கட்டில் ஓடியது, கண்ணைத் திறந்தால் நின்றது. ஊர் முழுக்க ஒருவரும் என்னைத் திட்டவில்லை. சோறு நன்றாக இருக்கிறதா என்று கேட்டார்கள்.

இனி நீ கேட்ட முதல் கேள்விக்கு வருகிறேன். நேற்று தூதுப் பெரியவர் வந்தார், சிபாட்டாவிலிருந்து. ஒரு வெள்ளைத் தட்டின் மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்து வெள்ளைத் துணியால் கட்டி எடுத்து வந்து பாயில் வைத்தார். வீட்டில் எல்லோரும் கூடியிருந்தார்கள், உன் அம்மா, உன் பெரியம்மா, சர்ச்சு மூப்பர்கள். கட்டை அவிழ்க்க வேண்டியவன் தாய்மாமன். அவிழ்த்தேன். துணியின் ஒரு மூலையில் தனியாக ஒரு முடிச்சு, கைக்குக் கெட்டியாகப் பட்டது. விரலால் தளர்த்தினேன். வால் தெரிந்தது. உப்புப் போட்டுக் காயவைத்த எலி, ரோமத்தோடு, வழியெல்லாம் நான் சொன்ன அதே எலி. மகளே, யோசித்துப் பார். பெண் கேட்டு வந்த தட்டில் எலி இருந்தது என்று உன் அம்மா பார்த்தால், பெரியம்மா பார்த்தால், மூப்பர்கள் பார்த்தால், தட்டு அப்படியே சிபாட்டாவுக்குத் திரும்பிப் போகும், ஏழு தலைமுறைக்கு அந்த வீட்டுப் பேச்சை யாரும் எடுக்க மாட்டார்கள். ஒளிக்கச் சட்டையில் பையில்லை, உன் அம்மா தைத்த விசேஷச் சட்டை. "கட்டை முழுசா அவுக்கறதுக்கு முன்னாடி ஜெபம் பண்ணுவோம்" என்றேன். எல்லோரும் கண்ணை மூடினார்கள். பிதாவே என்று தொடங்கி, வாயில் போட்டுக்கொண்டேன். பிதாவுக்குப் பிறகு கொஞ்ச நேரம் வார்த்தை வரவில்லை. ஆவி நிறைந்து தொண்டை அடைத்துப்போய் நிற்கிறேன் என்று நினைத்துப் பெரியம்மா விம்மி அழுதாள். எலும்பு கொஞ்சம் இருந்தது. விழுங்கியதும் ஆமென் என்றேன். இத்தனை சுருக்கமான, இத்தனை உருக்கமான ஜெபத்தைக் கேட்டதில்லை என்று மூப்பர் கையைப் பிடித்துக்கொண்டார்.

தட்டைத் திறந்தேன், வெள்ளை மணிகளும் நாணயமும் முறைப்படி இருந்தன. எடுத்துக்கொண்டோம், உன் அம்மா குலவையிட்டாள், தெரு முழுக்கப் பதில் குலவை வந்தது. அவர்கள் கேட்டுவிட்டார்கள், நாம் கொடுத்துவிட்டோம். உனக்குக் கல்யாணம். நான் குரங்கு தின்றதே இல்லை என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். எலி தின்றிருக்கிறேன். மோசமில்லை, உப்பு மட்டும் ஒரு சிட்டிகை குறைவு, இதை நான் யாரிடமும் சொல்ல முடியாது, சொல்ல வேண்டியவர் இப்போது சம்பந்தி.

நீ இனிமேல் பட்டறைப் பக்கம் தனியாகப் போகாதே, கல்யாணம் முடியும்வரை அது அழகில்லை. கொண்ட்வானியின் பெரியப்பா மறுபடி வந்தால் டீயில் சர்க்கரை கூடுதலாகப் போடு, அவருக்கு அதுதான் பிடிக்கும், எப்படித் தெரியும் என்று கேட்டால் உனக்குத் தெரியாது. கணவனோடு சண்டை வந்தால் காலையில் போடு, சாயங்காலத்துக்குள் முடிந்துவிடும். நீங்கள் இருவரும் ஒரே தட்டில் கைவைத்துத் தின்று வயிறும் வீடும் நிறைந்து வாழ வேண்டும், உன் பிள்ளைகள் உன்னைப்போல உண்மையும் என்னைப்போல நாவும் கொண்டு பிறக்க வேண்டும், ஆண்டவர் உங்கள் கூரையில் ஓட்டை விடாமல் பார்த்துக்கொள்வார். உன் அம்மாவுக்கு எழுதும்போது அந்தப் பிராணியின் பெயர் எங்கும் வரக் கூடாது, மறந்துவிடாதே. இன்னொன்று. துறைமுகத்தில் எல்லா ஊர்க்காரர்களும் வந்துபோகிறார்கள், அங்கே ங்கோனிக்காரன் யாராவது நம் சம்பந்தம் எதிலும் சேராதவனாக, நல்ல வாயுள்ளவனாக இருந்தால் கொஞ்சம் விசாரித்து வை. என் சாவுக்குத்தான். அவசரமில்லை.

உன் நலமே நினைக்கும் தாய்மாமன்,
கபாசோ
(சைக்கிள் கடை, ரயில் நிலையத்துக்கு எதிரே. வண்டி வரும் சத்தம் இங்கே நன்றாகக் கேட்கும்.)